சம்பளமும் சீலமும்

பட்டம் பெற்று, முதல் வேலைக்கான நியமனக் கடிதத்தைக் கையிலேந்தி நிற்கும் இளைஞர்க்கு உலகத்தார் கூறும் அறிவுரைகள் பல. எவ்வாறு உடுத்தல் வேண்டும், மேலதிகாரியிடம் எங்ஙனம் பேசுதல் வேண்டும், எந்த வேலையில் எத்தனை ஆண்டு இருந்து எப்போது மற்றொன்றிற்குத் தாவுதல் வேண்டும் என்றெல்லாம் சொல்லுவார் உளர். அவை பயனற்றவை என்று நாம் கூறவில்லை. ஆயின் திரிசரணம் கூறிப் பஞ்சசீலம் ஏற்ற குடும்பத்துப் பிள்ளை, அவற்றிற்கெல்லாம் முன்னர்த் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. 'நான் பெறப்போகும் இச்சம்பளம் யாருடைய கண்ணீரினின்றும் வருகிறதோ?' என்பதே அது.

நம் பாட்டன்மார்க்கு இவ்வினா எழுந்ததில்லை. வடார்க்காட்டினின்றும் சேலத்தினின்றும் கோலார் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தவர்கட்குத் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் பேறு கிட்டவில்லை. பூமிக்கடியில் இறங்கினால் கூலி, இறங்காவிடிற் பட்டினி. பாறைத் தூளைச் சுவாசித்து நெஞ்சுநோய் கொண்டு மாண்டவர் எத்துணையர்! அத்தகைய வாழ்விலும் அவர்கள் கூலியில் மிச்சம் பிடித்துச் சங்கம் கண்டனர், பள்ளி கண்டனர், அயோத்திதாச பண்டிதர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழைக் காசு கொடுத்து வாங்கி, எழுத்தறிந்தவர் படிக்க எழுத்தறியாதார் சூழ்ந்திருந்து கேட்டனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் விடியுமுன் எழுந்து மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்குச் செல்கின்றனர். இவர்கட்கு முன்னோர்க்கில்லாத ஒன்று வாய்த்துள்ளது. அது தெரிவு. 'இவ்வேலையா, அவ்வேலையா?' என்று எண்ணிப் பார்க்க இடமுண்டு. தெரிவு எங்குண்டோ அங்கே அறமும் வினாவாய் வந்து நிற்கும்.

சில காலத்திற்கு முன், ஞாயிற்றுக்கிழமை வந்தனை முடிந்தபின், வணிகவியலிற் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் நம்மிடம் தனித்து வந்தார். நல்ல பிள்ளை, குடும்பத்தில் முதற் பட்டதாரி. நகரத்தில் ஒரு கடன் நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. கைப்பேசி வாயிலாகச் சிறுகடன் வழங்குவது அந்நிறுவனத்தின் தொழில். தவணை தவறியவர்களை அழைத்துப் பேசிப் பணத்தை வரவழைப்பது இவருடைய வேலை. சம்பளம் அவர் எதிர்பார்த்ததினும் மிகுதி.

“ஐயா, புத்தர் விலக்கிய வாணிபங்கள் ஐந்து என்று நீங்களே கற்பித்தீர்கள். அவற்றில் இது இல்லையே. நான் போகாவிடில் மற்றொருவன் போவான். வீட்டிலோ என் படிப்பிற்காக வாங்கிய கடன் இருக்கிறது. தங்கை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். நான் என்ன செய்வது?” என்று வினவினார்.

அவர் எடுத்துரைத்த காரணங்கள் மூன்று. மூன்றும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. ஆதலின் ஒவ்வொன்றாய் ஆராய்வோம்.

முதலாவது, ஐந்து வாணிபங்கள் பற்றியது. படைக்கலம், உயிர்கள், ஊன், கள், நஞ்சு என்னும் இவ்வைந்தையும் விற்றுப் பிழைத்தல் உபாசகர்க்காகாது என்று அங்குத்தர நிகாயம் கூறும். ஆனால் இது சட்டப் புத்தகத்தின் அட்டவணையன்று. 'இவ்வைந்தொழிய எதுவும் செய்யலாம்' என்று அதற்குப் பொருள் கொள்ளுதல் தகாது. இவ்வைந்திற்கும் பொதுவாயுள்ள தன்மை யாது? பிறர்க்கு விளையும் தீங்கினாலேயே தனக்கு ஊதியம் விளைதல். ஒருவன் எவ்வளவுக்கெவ்வளவு குடிக்கிறானோ அவ்வளவுக்கவ்வளவு கள் விற்பவனுக்கு இலாபம். இத்தன்மை எத்தொழிலிற் காணப்பட்டாலும், அது பட்டியலில் இருப்பினும் இல்லாவிடினும், அதனையும் அவ்வினத்தோடு சேர்த்தெண்ணுதலே அறிவுடைமை.

கடன் பற்றிப் பகவான் வேறோரிடத்திற் பேசியிருக்கிறார். வறுமை இல்வாழ்வானுக்குத் துன்பம். வறியவன் கடன் வாங்குகிறான், அதுவும் துன்பம். வட்டிக்கு உடன்படுகிறான், அதுவும் துன்பம். குறித்த நாளிற் கொடுக்கமாட்டாதபோது கேட்டு நெருக்குகிறார்கள், அதுவும் துன்பம். பின்தொடர்கிறார்கள், இறுதியிற் கட்டி வைக்கிறார்கள், அவையும் துன்பமே என்று படிப்படியாய் எடுத்துக்காட்டுகிறார். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகட்கு முன் கூறப்பட்ட இதனைப் படிக்குங்கால், நம் லைன் வீடுகளில் சம்பள நாளன்று வட்டிக்காரர் வாயிலில் வந்து நின்ற காட்சி நம் கண்முன் வருகிறது. அன்று கதவருகே நின்றவன் இன்று கைப்பேசிக்குள் நிற்கிறான், வேறுபாடு அவ்வளவே.

எனினும் கடன் கொடுப்பதெல்லாம் பாவமென்றும், கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதெல்லாம் கொடுமையென்றும் கூறுதல் நேர்மையாகாது. நியாயமான வட்டிக்குக் கடன் கிடையாதாயின் ஏழையின் பிள்ளை படிப்பதெப்படி? இவ்விளைஞரே அத்தகைய கடனாற் படித்தவரன்றோ? தவணை நாளை நினைவூட்டுதல் தீங்கன்று. இயலாமையைக் கேட்டறிந்து கால அவகாசம் அளித்தல் நன்மையும் ஆகும். ஆனால் கடன்பட்டவனின் உறவினரையும் நண்பரையும் அழைத்து அவனை இழிவுபடுத்துதல், அச்சுறுத்துதல், அகால வேளையில் அழைத்து அமைதியைக் குலைத்தல் ஆகிய இவை நல்வாய்மைக்கு நேர்மாறானவை. ஆகவே தொழிலின் பெயரைக் கேட்டு முடிவு செய்தலாகாது. அத்தொழிலில் நாடோறும் நம் வாயும் கையும் செய்ய வேண்டுவன யாவை என்று கேட்டறிந்தே முடிவு செய்தல் வேண்டும். செவிவழிச் செய்தியையும் மரபையும் பற்றி எதனையும் கொள்ளாது, நன்மை தீமைகளைத் தானே கண்டறிந்து கொள்க, விடுக என்று காலாமர்க்குரைத்த அறிவுரை இவ்விடத்திற்கும் பொருந்தும்.

இரண்டாவது காரணம், 'நான் போகாவிடில் மற்றொருவன் போவான்' என்பது. இஃது உண்மைதான். கடன்பட்டவனுக்கு அழைப்பு வரத்தான் செய்யும். ஆனால் இக்கூற்று எதனை நிறுவுகிறது? உலகில் அத்தீமை குறையாது என்பதை மட்டுமே. அதனை நான் செய்யலாம் என்பதை அது நிறுவவில்லை. வினை என்பது எண்ணமே என்பது தம்மத்தின் துணிபு. மற்றொருவன் செய்வது அவனுடைய வினை. நான் செய்வது என்னுடைய வினை. நாள்தோறும் எட்டு மணி நேரம் பிறரை அச்சுறுத்திப் பேசப் பழகிய நாவு, மாலையில் வீடு திரும்பியதும் தாயிடமும் தங்கையிடமும் மென்மையாய்ப் பேசிவிடுமோ? தொழில் நம் நேரத்தை மட்டும் வாங்கிக்கொள்வதில்லை. நம்மையும் சிறிது சிறிதாய்த் தன் வடிவிற்கு மாற்றிக்கொள்கிறது. சம்பளத்தைக் கணக்கிடுவோர் இவ்விலையைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

மூன்றாவது காரணமே கனமானது. வீட்டிலுள்ள கடனும் தங்கையின் படிப்பும் கற்பனையல்ல. வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்குச் சீலம் போதித்தல் எளிது. பகவான் அங்ஙனம் செய்தாரல்லர். அனாதபிண்டிகருக்கு இல்லறத்தார் பெறும் இன்பம் நான்கென்று கூறினார். நேர்வழியிற் பொருள் உடைமை ஓரின்பம், அதனைத் துய்த்தலும் அறம் செய்தலும் ஓரின்பம், கடனின்மை ஓரின்பம், குற்றமற்ற வாழ்வு ஓரின்பம். பொருளையும் கடனின்மையையும் அவர் இகழ்ந்தாரில்லை, இன்பங்களென்றே எண்ணினார். ஆயினும் முதல் மூன்றும் சேர்ந்து நான்காவதன் பதினாறில் ஒரு பங்கிற்கும் ஈடாகா என்று முடித்தார்.

இதனை அவ்விளைஞர்க்கு எடுத்துரைத்து, “தம்பி, அந்நிறுவனத்தாரிடமே சென்று, உம்முடைய வேலையில் யாரை, எப்போது, எம்முறையில் அழைத்துப் பேசவேண்டும் என்று தெளிவாய்க் கேளும். பின் முடிவு செய்யும்” என்றோம். அவர் சென்று கேட்டார். தவணை தவறியவரின் உற்றார் உறவினர்க்கும், உடன் பணிபுரிவோர்க்கும் அழைப்பு விடுத்து நெருக்குதலும் வேலையில் அடங்கும் என்று அறிந்தார். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இவ்விடத்திற் கதையை முடித்துவிட்டால் கேட்பதற்கு இனிதாயிருக்கும். ஆனால் அதன்பின் நான்கு மாதம் அவர்க்கு வேலை கிடைக்கவில்லை. வங்கித் தவணை நிற்கவில்லை. அவருடைய அன்னையார் சங்கத்திற்கு வந்து, “நீங்கள் சொன்ன அறத்தை என் மகன் கேட்டான். மாதத் தவணையை எந்த அறம் கட்டும்?” என்று கேட்டார். நாம் தலைகுனிந்தோம். அவ்வம்மையாரின் கேள்வியில் தவறில்லை. தீயதை விடு என்று சொல்லுதல் எளிது. விட்டதனால் வரும் இழப்பில் பங்கு கொள்ளாத அறிவுரை அரை அறிவுரையே. அன்று மாலை சங்கத்தார் கூடிப் பேசித் தமக்குள் பணம் திரட்டி, அவருக்கு வேலை கிடைக்கும்வரை தவணைப் பணத்தை வட்டியின்றிக் கைமாற்றாய்க் கொடுப்பதென முடிவு செய்தனர். ஐந்தாம் மாதம் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்திற் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னதினும் குறைவே. சங்கத்திற்குத் தரவேண்டியதைச் சிறுகச் சிறுகத் திருப்பி வருகிறார்.

அறம் செய்தமையால் அவருக்குப் பெருஞ்செல்வம் வந்ததென்று நாம் எழுதவில்லை. வந்ததில்லை. ஆனால் நாம் கற்றது ஒன்று. நல்வாழ்க்கை என்பது இளைஞன் தனித்து நின்று சுமக்க வேண்டிய பாரமன்று. சங்கம் சரணம் என்று நாம் ஓதுகிறோமே, அச்சொல்லுக்கு மாதக் கடைசியிலும் பொருள் இருத்தல் வேண்டும்.

தீய பணியை விட வழியே இல்லாத நிலையும் சிலர்க்கு நேரும். பசியால் வாடும் வீட்டைக் காக்க ஒருவன் அத்தகைய வேலையில் நுழைந்தால் அவனை இகழோம். அவனுக்குக் கூறுவது இதுவே: அதனை நிலையான வீடாகக் கொள்ளாது வழியிலுள்ள சத்திரமாகக் கொள்க, வெளியேறும் நாளை மனத்திற் குறித்துக்கொள்க, அதுவரையிலும் எச்செயலைச் செய்யேன், எச்சொல்லைச் சொல்லேன் என்னும் எல்லையை முதல் நாளே வகுத்துக்கொள்க. எல்லை வகுக்காமல் நுழைந்தவன் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதைத் தான் அறியமாட்டான்.

இனி, நம்மவர்க்கே சிறப்பாயுரிய மற்றொரு சங்கடம் உண்டு. அலுவலகத்திற் பெயரும் ஊரும் கேட்டபின், 'நீங்கள் யார்?' என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். அப்போது என்ன சொல்வது?

இதற்கு விடை கூறுமுன், தம் முதல் உத்தியோகத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் பட்ட பாட்டை நினைத்தல் தகும். அமெரிக்காவிற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கற்று, இலண்டனிலும் பயின்று திரும்பிய அவர், கல்விக்குப் பொருளுதவிய பரோடா சமஸ்தானத்தில் 1917இல் பணியேற்கச் சென்றார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சியர்க்கென்றே ஏற்பட்ட விடுதியில், அதன் காவலாளியின் இசைவுடன் பார்சிப் பெயரொன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள், கையிற் கழியேந்திய பார்சியர் கூட்டமொன்று வந்து அவரை வெளியேறச் சொல்லிற்று. நண்பர் இருவரை அடைக்கலம் வேண்டினார். இருவரும் சாக்குப் போக்குக் கூறினர். பூங்காவொன்றிற் பல மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு இரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். இதனைப் பிறர் அவர்மேற் சாட்டவில்லை. அவரே பின்னாளில் தம் கையால் எழுதி வைத்தார்.

இவ்வரலாற்றில் நாம் அறிவது யாது? அத்துணைப் பெரியாரும் இளமையில் ஒருமுறை பெயரை மறைக்க நேர்ந்தது. குற்றம் மறைத்தவரிடமன்று, மறைக்குமாறு செய்த சமுதாயத்தினிடமே. ஆயினும் மறைப்பு அவரைக் காக்கவில்லை. பதினொரு நாள் இடமளித்தது, பின் தெருவில் நிறுத்திற்று. நாற்பதாண்டு கழிந்து, 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் நடுவே தாம் யாரென்பதை அவர் உலகறியக் கூறித் தம்மத்தைத் தழுவினார்.

நம் மூத்தோரிற் பலர் சான்றிதழில் ஒரு சமயமும் வீட்டில் ஒரு சமயமுமாய் வாழ்ந்தனர். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணையின்கீழ், பௌத்தம் தழுவியோர் மைய அரசின் இட ஒதுக்கீட்டை இழக்கும் நிலை இருந்தது. 1990இல் ஆணை திருத்தப்பட்டு அந்நிலை நீங்கிற்று. பிள்ளைகளின் கல்விக்காகப் பௌத்தரென்று எழுதாது விட்ட அம்மூத்தோரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் சட்டத்தின் தடை நீங்கிய பின்னும் அச்சத்தின் தடையை நாமே காத்து வருவானேன்?

நான்காம் சீலம் பொய்யாமை. அது, கேட்டவரிடமெல்லாம் நம் பிறப்பையும் சமயத்தையும் பறைசாற்ற வேண்டுமென்று கட்டளையிடவில்லை. ததாகதர் உண்மையும் நன்மையுமானதையும் காலமறிந்தே மொழிவார் என்று சூத்திரம் கூறுகிறது. ஆதலின் இளைஞர் கொள்ளத்தக்க நெறி இதுவெனத் தோன்றுகிறது: வீண் ஆவலால் கேட்பவனுக்கு விடை கூறாதிருக்கலாம், பேச்சை மாற்றலாம், 'அது வேலைக்குத் தேவையில்லை' என்று புன்னகையோடு மறுக்கலாம். ஆனால் இல்லாத ஒன்றை உண்டென்று சொல்லலாகாது. ஒரு பொய்யைக் காக்க ஓராயிரம் பொய் வேண்டும். அவ்வளவும் சுமந்துகொண்டு அலுவலகத்தில் தலைநிமிர்தல் இயலாது. மௌனம் நம்மைச் சிறுமைப்படுத்துவதில்லை, பொய் சிறுமைப்படுத்தும்.

வேலையில் அமர்ந்தபின் ஒழுக வேண்டிய முறையைச் சிகாலருக்கு உரைத்த அறிவுரையிற் காணலாம். பணியாளன் தலைவனுக்கு முன் எழுந்து பின் உறங்குக, கொடுத்ததையே கொள்க, வேலையைச் செவ்வனே செய்க, தலைவனின் நற்பெயரைப் பரப்புக என்பதை மட்டும் சிலர் எடுத்தோதுவர். அதற்கு முன்னரே தலைவனுக்கு விதித்த ஐந்தை அவர் மறப்பர். வலிமைக்கேற்ற வேலை தருக, உணவும் கூலியும் அளிக்க, நோயிற் பேணுக, சிறந்த பண்டம் வந்தால் பகிர்க, உரிய காலத்தில் ஓய்வு விடுக என்பன அவை. கடமை இருபுறத்தும் உண்டு. தன் பங்கைக் குறைவறச் செய்தவனே தனக்குரிய பங்கை அஞ்சாது கேட்கத் தகுதியுடையான். இட ஒதுக்கீட்டால் வந்தவனென்று ஏளனம் செய்வார்க்குச் சொல்லால் விடை தரவேண்டுவதில்லை. நாளடைவில் வேலையே விடை தரும். தெரியாததைத் தெரியாதென்று கூறிக் கேட்டறிதலும் இழிவன்று. நம் வீடுகளில் அலுவலகப் பழக்கம் கற்பிப்பார் இல்லாமையின், பிறர்க்குத் தாய்ப்பாலோடு வந்ததை நாம் கேட்டுத்தான் பெறுதல் வேண்டும்.

கற்றலின் பயனுக்கு மணிமேகலை ஒரு சான்று தருகிறது. ஆதிரையின் கணவன் சாதுவன் சூதாலும் கணிகையாலும் செல்வமிழந்து, வாணிபத்திற்குக் கடலேறி, மரக்கலம் உடைந்து நாகர் வாழும் மலையில் ஒதுங்கினான். அவனைக் கொன்று தின்ன வந்த நாகர், தம் மொழியை அவன் பேசக் கேட்டு, தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். தலைவன் கள்ளும் ஊனும் மங்கையும் அளிக்க முன்வந்தான். சாதுவன் மறுத்து, வினையின் பயனை விளக்கி, கொலையையும் கள்ளையும் விடுமாறு அவனுக்கே அறம் உரைத்தான். இழந்த செல்வத்தை மீட்டுத் தந்தவை இரண்டு: கற்று வைத்திருந்த ஒரு மொழி, வேண்டாவென்று சொல்லும் துணிவு. இக்காலத்து இளைஞர்க்கும் இவ்விரண்டினும் சிறந்த முதல் வேறில்லை.

இனிச் சம்பளத்தைச் செலவிடும் முறை. கோலிய குலத்துத் தீகஜாணு என்பான் பகவானை அணுகி, 'யாங்கள் மனைவி மக்களோடு வாழ்வோர். எமக்கேற்றதைக் கூறுக' என வேண்டியபோது, அவர் நான்கைக் கூறினார்: முயற்சியிற் றிறமை, ஈட்டியதைக் காத்தல், நன்னட்பு, வரவறிந்து செலவிடல். தராசு பிடிப்பவன் தட்டு எவ்வளவு தாழ்ந்தது, எவ்வளவு உயர்ந்தது என்று அறிவதுபோல வரவும் செலவும் அறிக என்றார். சிகாலருக்கோ, ஈட்டியதை நான்கு கூறாக்கி ஒன்றைத் துய்த்து, இரண்டைத் தொழிலில் இட்டு, ஒன்றை இடர்க்காலத்திற்கு வைக்கச் சொன்னார். மாதச் சம்பளக்காரர்க்குத் தொழிலில் இடுவதென்பது மேற்கல்வியும் கைத்திறனுமே எனக் கொள்ளலாம். வீட்டுச் சுமை மிகுந்தவர்க்கு இவ்விகிதம் இயலாது. நெறி மட்டும் இயலும். முதற் சம்பளம் வந்த மாதமே தவணையில் வண்டியும், அடுத்த ஆண்டே கடன் வாங்கித் திருமண விருந்தும் என்று தொடங்குவோர், பாட்டனை விட்டகன்ற வட்டிக்காரனைத் தாமே மீண்டும் வாயிலுக்கு அழைக்கின்றனர்.

1956இல் ஆக்ராவிற் பேசியபோது, படித்துப் பதவி பெற்றோர் தம் மக்களை மறந்ததைக் குறித்துப் பாபாசாகேப் மனம் நொந்து கூறினார். அந்நோவு தீரும் வழி பெரிதன்று. சென்னையிற் கல்லூரியில் அறிவியல் கற்பித்துக்கொண்டே, 1907இல் பௌத்த சாரத்தை நூலாக்கி வெளியிட்டார் பேராசிரியர் லட்சுமி நரசு. அவர் உத்தியோகத்தைத் துறக்கவில்லை; உத்தியோகம் தம்மை விழுங்கவும் விடவில்லை. நம் இளைஞரும் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து, பின்வரும் பிள்ளைகட்கு விண்ணப்பம் எழுதவும், நேர்காணலுக்கு ஆயத்தம் செய்யவும் கற்பிப்பாராயின், அதுவே நன்னட்பு, அதுவே தானம்.

இளஞ்சோதரரே, சோதரியரே, உங்கள் முன்னோர் இருளில் இறங்கிப் பொன்னெடுத்தனர், அப்பொன் அவர்களுடையதாகவில்லை. நீங்கள் வெளிச்சத்தில் அமர்ந்து ஈட்டும் பொருள் உங்களுடையதாகட்டும். அது யார் கண்ணீரிலும் நனையாததாகட்டும். உங்களில் ஒருவர் தீய ஊதியத்தை மறுத்து வந்து நிற்கும் நாளில், சங்கத்தாராகிய நாங்கள் வெறுங்கையராய் நில்லோம் என்று இவ்விதழின் வாயிலாக உறுதி கூறுகிறோம்.

எல்லா உயிரும் நலமுற்று வாழ்க.